காது ஜம்புலிங்கமும் கிளச் இல்லாத வண்டியும்

ஆம்பூரில் அப்போது மூன்று ஜம்புலிங்கங்கள் இருந்தார்கள். ஒருவர் வெல்ல மண்டி வைத்திருந்தார், இன்னொருவர் தபால்காரர். மூன்றாமவன் மெட்ராஸ் ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு லாரி பார்க்கிற மெக்கானிக். குழப்பம் வேண்டாமென்று ஊர் அவனைக் ‘காது ஜம்புலிங்கம்’ என்றது. காது ஒன்றும் பெரிதல்ல, எல்லோருக்கும் இருக்கிற அளவுதான். ஆனால் ஒரு முழத் தேக்குக் கட்டையின் ஒரு முனையை இன்ஜினில் ஊன்றி, மறு முனையைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடினானென்றால், உள்ளே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது, எந்த பேரிங் இன்னும் எத்தனை மைல் தாங்கும் என்று சொல்லிவிடுவான். சொன்னது பெரும்பாலும் பலித்தது. பலிக்காதபோது டிரைவர் ஓட்டியது சரியில்லை என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்ப்பான்.

அந்தப் பெயரை முதலில் வைத்தவர் ஆபித் பாஷா. அவருக்கு ஆற்றங்கரையில் தோல் பதனிடுகிற டேனரி ஒன்றும் நான்கு லாரிகளும் இருந்தன. பதினேழு வருஷமாக அந்த நான்கையும் ஜம்புலிங்கத்தின் கையைத் தவிர வேறு கை தொட்டதில்லை. வியாழக்கிழமை சாயங்காலமானால் பாஷா கொட்டகைக்கு வந்து காலி ஆயில் டிரம் மேல் உட்காருவார். எதிர்க்கடையிலிருந்து ஒரே ஒரு டீ வரும். பாதியைச் சாசரில் ஊற்றி ஜம்புலிங்கத்திடம் நீட்டிவிட்டு, மீதியைக் கிளாஸில் வைத்து உறிஞ்சுவார். “இன்னாடா காது, லாரிங்கோ இன்னா சொல்லுது?” என்பார். ஊரில் எத்தனையோ பேர் அவரிடம் கைகட்டி நின்றார்கள். சாசர் டீ இவனுக்கு மட்டும்தான் கிடைத்தது. அதை நினைத்து நினைத்து ஜம்புலிங்கம் உள்ளுக்குள் கொஞ்சம் பருத்தே போயிருந்தான்.

அறுபத்திரண்டாம் வருஷம் ஆடி மாசம் அந்த வண்டி வந்தது.

கணியம்பாடிப் பக்கம் போர் கிணறு போட வந்திருந்த அமெரிக்கத் துரை ஒருவர் ஊருக்குத் திரும்பிப் போகும்போது, தன் பச்சை நிற பிக்கப்பை விற்றுவிட்டுப் போனார். எட்டு வருஷப் பழசு. பாஷா வாங்கினார். வண்டியோடு துரையின் டிரைவர் சாமுவேலும் வந்தான். முப்பது வயசு, மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை, பையில் ஒரு சின்ன நோட்டு. அவனைப் பார்த்த உடனேயே ஜம்புலிங்கத்துக்குப் பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் சட்டையைச் சொல்லியிருப்பான்.

வண்டியில் கிளச் கிடையாது. இரண்டே மிதி, ஒன்று ஆக்சிலேட்டர், ஒன்று பிரேக். ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிற கம்பியை ஒரு தடவை இழுத்துவிட்டால் போதும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று கியர் தானாக விழும். டேனரியில் தோல் அலசிக்கொண்டிருந்தவர்கள் கூட ஈரக் கையோடு ஓடி வந்து பார்த்தார்கள்.

“ஜம்பு, நீ ஒரு ரவுண்டு போய்ட்டு வாடா” என்று பாஷா பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

அங்கேதான் மானம் போனது. இருபத்தைந்து வருஷம் கிளச் மிதித்த இடது கால் சும்மா இருக்குமா? கொஞ்சம் வேகம் எடுத்ததும், பழக்க தோஷத்தில் அது கிளச்சைத் தேடி ஓங்கி ஒரு மிதி மிதித்தது. மிதித்தது அகலமான பிரேக். வண்டி நட்ட கல்லாக நின்றது. பாஷாவின் குல்லா முன்கண்ணாடியில் மோதி மடியில் விழுந்தது. டேனரி முற்றமே சிரித்தது. சாமுவேல் மட்டும் சிரிக்கவில்லை. “முதல்ல எனக்கும் இப்படித்தான் ஆச்சு மேஸ்திரி. எடது காலை மடக்கி சீட்டுக்கு அடியில வெச்சுக்குங்க” என்றான். சிரித்திருந்தால்கூட ஜம்புலிங்கம் மன்னித்திருப்பான்.

“லாரிங்கோ உன்னுது. இத சாமுவேலே பாத்துக்கட்டும்” என்றார் பாஷா, குல்லாவைத் தட்டிக்கொண்டே.

அந்த வாரம் வியாழக்கிழமை பாஷா கொட்டகைக்கு வரவில்லை. ஆறு மணிக்கு டேனரிப் பக்கம் ஏதோ வேலை இருப்பது போல ஜம்புலிங்கம் போய்ப் பார்த்தான். பிக்கப்பின் பின்பலகையை இறக்கி அதன்மேல் பாஷா உட்கார்ந்திருந்தார். சாமுவேல் அமெரிக்கத் துரை கதை ஏதோ சொல்ல, பாஷா தொடையைத் தட்டிச் சிரித்தார். சாமுவேல் கையில் சாசர் இருந்தது. ஜம்புலிங்கத்துக்கு வயிறு எரிந்தது. அழகாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை, பச்சைப் பொறாமை. வந்த வழியே திரும்பிவிட்டான்.

அப்படித் திரும்பும்போதுதான் பிக்கப் கிளம்புகிற சத்தம் கேட்டது. இன்ஜின் சத்தத்துக்கு அடியில், தரைப்பலகைக்குக் கீழே, இன்னொரு சத்தம். கட கட கட. சின்ன சத்தம். இரும்போடு இரும்பு உரசுகிறது. ஜம்புலிங்கம் நின்றான். மூன்று நாளுக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. மடிப்புக் கலையாத சட்டைக்காரன் துரைக்கு ஏழு வருஷம் ஓட்டியும் இது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமுவேல் மாதா கோவிலுக்குப் போன நேரம் பார்த்து, ஜம்புலிங்கம் டேனரிக்குப் போய் வண்டிக்கு அடியில் புகுந்தான். கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து கியர் பெட்டிக்கு ஒரு மெல்லிய ராடு போகிறது. அதன் முனையில் ஒரு பின். பின் மாட்டும் ஓட்டை தேய்ந்து அகலமாகிவிட்டதால் அது ஆடுகிறது. அவ்வளவுதான்.

ஆம்பூர் மெக்கானிக்குகளுக்கு இதற்கெல்லாம் ஒரே வைத்தியம்தான், தோல் வாசர். ஊர் முழுக்கத் தோல் இருக்கும்போது எவன் மெட்ராஸுக்கு எழுதி பித்தளை புஷ் வரவழைப்பான்? ஆடுகிற இடத்தில் வட்டமாக ஒரு தோல் துண்டை வெட்டி, இறுக்கமாகச் செருகினால் சத்தம் செத்துப் போகும். ஒன்றே ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். தோலை ஒரு ராத்திரி முழுக்க விளக்கெண்ணெயில் ஊறப்போட்டுத்தான் மாட்ட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் பட்டதும் ஊதிக்கொள்ளும். இந்தச் சட்டத்தை ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன் ஜம்புலிங்கம்தான்.

அன்றைக்கு எண்ணெயும் கையில் இல்லை, பொறுமையும் இல்லை. கோவில் மணி அடித்துவிட்டது, சாமுவேல் எந்த நேரமும் வந்துவிடுவான். முற்றத்தில் கிடந்த எருமைத் தோல் துண்டு ஒன்றை எடுத்துக் கத்தியால் வட்டமாகச் சீவி, காய்ந்தது காய்ந்தபடியே செருகிப் பின்னை மாட்டிவிட்டு வெளியே வந்தான்.

அவன் கணக்கு சுலபமானது. சத்தம் காணாமல் போனதைப் பார்த்துச் சாமுவேல் திகைத்துப்போய், பாஷா முன்னால், “மேஸ்திரி, அந்தச் சத்தம் எங்க போச்சு?” என்று கேட்க வேண்டும். அப்போது, “எந்தச் சத்தம்? ஓ, அதுவா!” என்று ஆரம்பிக்க வேண்டும். அதற்கான வசனங்களைக்கூடக் குளிக்கும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டான். சாமுவேல் கேட்கவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாசம் ஆயிற்று, அவன் வாயே திறக்கவில்லை.

“சோறு துன்னும்போது இன்னாத்துக்கு மாமா கால ஆட்டிக்கினே இருக்கற?” என்றாள் அம்சவேணி, அவன் மனைவி. சாப்பிட உட்கார்ந்தால் அவன் இடது கால் தன்பாட்டுக்குத் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

“ஒண்ணுமில்ல.”

“அந்தப் பிக்கப்பு டிரைவர நெனச்சிக்கினியா? கல்யாணம் ஆன புதுசுல என்னயக்கூட நீ இப்டி நெனைக்கல.”

ஜம்புலிங்கம் ரசத்தைக் கையால் அள்ளிக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

பிறகு லாரி வேலை, ஒரு தங்கை வீட்டுக் கல்யாணம், இன்னும் நூறு தோல் வாசர் என்று நாள் ஓடியதில் அந்த ஒரு வாசர் அவன் நினைவிலிருந்தே நழுவிவிட்டது. பொறாமை மட்டும் அப்படியே இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது பிக்கப் தகராறு செய்ய ஆரம்பித்தது. ரெண்டாவது கியரிலிருந்து மூன்றாவது விழ மறுத்தது. இன்ஜின் அலறும், வண்டி நகராது. போதும் போதும் என்கிற வரைக்கும் அலறிவிட்டு, திடீரென்று கியர் விழுந்து ஆளைத் தூக்கிப் போடும். வேலூருக்குப் போகும் வழியில் பள்ளிகொண்டா அருகே ஒரு தடவை அப்படி எகிறியதில், பாஷாவுடன் வந்த மெட்ராஸ் வியாபாரி நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆர்டரும் தரவில்லை.

சாமுவேல் எல்லாம் பார்த்தான். எண்ணெய் அளவு பார்த்தான். கியர் பெட்டியின் பட்டையை இறுக்கிப் பார்த்தான், தளர்த்திப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. ஜம்புலிங்கம் தூரத்திலிருந்தே இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பத்து நாளும் அவனுக்குச் சோறு நன்றாக இறங்கியது.

ஒரு புதன்கிழமை பாஷா கொட்டகைக்கே வந்துவிட்டார். டிரம் மேல் உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினார். சாமுவேல் பின்னால் நின்றான்.

“பெரிய பேஜாரா போச்சு ஜம்பு. நாளைக்கு வண்டி உன்கிட்ட இருக்கட்டும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிச்சுட்டு நான் ஏறுவேன். நீ சரி பண்ணா, அஞ்சு வண்டியும் உன்னுது, சாமுவேலுக்கு நான் வேற எடம் பாத்துக்கச் சொல்லிடறேன். உன்னாலயும் முடியலன்னா, வண்டிய வித்துட்டு லாரிங்களயும் வேலூர் கம்பெனிக்கு வுட்டுடுவேன். ஒரே வேலைக்கு ரெண்டு ஆளுங்கள வெச்சுக்க என்னால ஆகாது.”

மறுநாள் காலையில் சாமுவேல் வண்டியைக் கொண்டுவந்து விட்டான். சாவியோடு தன் நோட்டையும் நீட்டினான்.

“இதுல எழுதி வெச்சிருக்கேன் மேஸ்திரி. எண்ணெய் நல்லா இருக்குது. இன்ஜின் ஓடிக்கினே இருக்கும்போதுதான் இதுல அளவு பாக்கணும், நிறுத்திட்டுப் பாத்தா ஜாஸ்தியா காட்டும். கருகின வாசனை இல்ல. அப்பறம் ஒண்ணு. தகராறு பண்ண நாளு எல்லாத்தயும் குறிச்சேன். மழை பேஞ்ச நாளு, இல்லன்னா டேனரி முத்தத்துத் தண்ணில நின்ன நாளு. காஞ்ச ரோட்டுல இருவது மைல் ஓடிச்சுன்னா சரியாயிடுது. ஈரத்துக்கும் கியருக்கும் இன்னா சம்பந்தம்னுதான் எனக்குப் புரியல.”

“இதெல்லாம் என்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற? நான் கண்டுபிடிச்சா உனக்குத்தான் வேல போவும்.”

“வண்டி நல்லாவணும் இல்ல?” என்றான் சாமுவேல். அதைப் போலியாகச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அவன் நிஜமாகவே சொன்னான். ஜம்புலிங்கத்துக்கு அதிலும் ஒரு பொறாமை வந்தது.

தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு மின்னூர் வரை போனான். இடது காலைச் சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டான். இரண்டாவதிலேயே இன்ஜின் அலறியது. காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துப் பார்த்தான். இன்ஜின் அடங்கியது, கியர் மட்டும் அசையவில்லை. அடுத்த கியருக்குப் போகலாமா வேண்டாமா என்று அந்தப் பெட்டி எதையோ வைத்துத் தீர்மானிக்கிறது. கால் எவ்வளவு அழுத்துகிறது என்று அதற்கு யாரோ போய்ச் சொல்ல வேண்டும். கால் எடுத்த பிறகும், இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறான் என்று யாரோ பொய் சொல்கிறார்கள். யார் சொல்கிறது? ராடுதான்.

ரோட்டோரம் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, சேற்றில் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான். கையை நீட்டி அந்த ராடைத் தொட்டான். அடுத்த நொடி அவன் கை அங்கேயே நின்றுவிட்டது.

அவன் வெட்டிய வாசர். எண்ணெய் காணாத எருமைத் தோல், தண்ணீர் குடித்து இட்லி போல உப்பியிருந்தது. பின்னை நெருக்கி, ராடைத் திரும்பி வர விடாமல் பிடித்து வைத்திருந்தது. இன்ஜின் பக்கம் ஸ்பிரிங் பலமாக இருந்ததால் அது திரும்பிவிடுகிறது. கியர் பெட்டி பக்கம் மட்டும் ராடு மாட்டிக்கொண்டு நிற்கிறது. காய்ந்த ரோட்டில் சூடேறினால் தோல் சுருங்கி வழிவிடுகிறது.

படுத்தபடியே கொஞ்ச நேரம் கிடந்தான். முதுகில் சேறு ஊறியது. பத்து நாள் தகராறு, மெட்ராஸ்காரர் நாக்கு, போன ஆர்டர், எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையின் அவசரம். போய்ச் சொல்லிவிடலாம். ‘பாய், தப்பு என்னுது’ என்றால் பாஷா அடிக்கப் போவதில்லை. ஆனால் சாமுவேல் அங்கே நிற்பானே. சிரிக்கவும் மாட்டானே. ‘எனக்கும் இப்படித்தான் ஆச்சு மேஸ்திரி’ என்று ஏதாவது சொல்வானே. அதை நினைத்ததும் ஜம்புலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டான். பின்னைத் தட்டி எடுத்தான். உப்பிய வாசரைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பின்னைத் திரும்ப மாட்டினான். வேறு வாசர் வைக்கக் கை வரவில்லை, ஊறவைத்த தோலும் அங்கே இல்லை. திரும்பி வரும்போது கியர் வெண்ணெயாக விழுந்தது. சந்தோஷத்தில் வேறு சத்தம் எதுவும் அவன் காதில் விழவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பாஷா வெள்ளைச் சட்டையோடு வந்தார். சாமுவேல் ஓட்ட, பாஷா நடுவில், ஜம்புலிங்கம் ஜன்னலோரம். வேலூர் ரோட்டில் விட்டார்கள். ராத்திரி பெய்த மழையில் ரோடெல்லாம் ஈரம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. எது எப்போது விழுந்ததென்றே தெரியவில்லை.

“சபாஷ்டா!” பாஷா ஜம்புலிங்கத்தின் தொடையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். “பாத்தியா சாமுவேலு, இதான் காது! கட்டய வெச்சான், கண்ண மூடினான், புடிச்சுட்டான். இன்னா தப்பு ஜம்பு அதுல?”

“ராடு மாட்டிக்கினு இருந்துச்சு பாய். கேட்டதும் தெரிஞ்சுபோச்சு.”

சாமுவேல் தலையாட்டினான். “நான் பெட்டிக்குள்ளேயே தேடினேன். வெளிய ராடுல இருக்கும்னு தோணல மேஸ்திரி. கத்துக்கிட்டேன்” என்றான். ஜம்புலிங்கம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். ரோட்டோரச் சோளக்கொல்லைகூட அவனைப் பார்த்துத் தலையாட்டுவதாக இருந்தது. பதினேழு வருஷத்தில் இப்படி ஒரு நாள் வந்ததில்லை.

மாதனூர் தாண்டி ரோடு கொஞ்சம் மேடு பள்ளமானது.

கட கட கட.

முதலில் அதைக் கேட்டது ஜம்புலிங்கம்தான். கேட்ட மாத்திரத்தில் கழுத்து வேர்த்தது. தேய்ந்த ஓட்டை, வாசர் இல்லாத பின். போன சத்தம் திரும்பி வந்துவிட்டது.

“அது இன்னா சத்தம்?” என்றார் பாஷா.

சாமுவேல் காதைச் சாய்த்தான். முகத்தில் ஒரு மலர்ச்சி. “இது பழைய சத்தம் மொதலாளி. தொர காலத்துலேர்ந்து இருந்துச்சு. ராடோட பின்னு ஆடுற சத்தம். ஆடுனாத்தான் நல்லது, இறுக்காத சாமுவேல்னு தொர சொல்லுவாரு. நடுவுல காணாமப் போச்சு. ரோடு நல்லா போட்டுட்டாங்கன்னு நெனச்சேன். எப்போன்னா…”

அவன் நிறுத்தினான். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பி, பாஷாவின் தோளுக்கு மேலாக ஜம்புலிங்கத்தின் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வை சட்டைப்பைக்கு இறங்கியது. அங்கே நேற்று போட்ட தோல் வாசரின் ஈரம் காக்கியில் வட்டமாகக் கறை போட்டுக் காய்ந்திருந்தது. பிறகு ரோட்டைப் பார்த்தான்.

பாஷா இதையெல்லாம் பார்க்கவில்லை. “இன்னா ஜம்பு? உன் காதுக்குத் தெரியாத சத்தமா? நடுவுல எங்க போச்சு, இப்போ எப்டி வந்துச்சு? சொல்லு.”

சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தைதான். ஜம்புலிங்கம் வாயைத் திறந்தான். சாமுவேல் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் அழகு கண்ணில் பட்டது. காட்டிக்கொடுக்காமல், ஒன்றும் கேட்காதவன் போல நேரே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பெருந்தன்மை நெருப்பாகச் சுட்டது.

“எந்தச் சத்தம் பாய்?” என்றான் ஜம்புலிங்கம். “எனக்கு ஒண்ணும் கேக்கலியே.”

கட கட கட.

பாஷா அவனையே பார்த்தார். முதலில் விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தார். அவன் சிரிக்காததைப் பார்த்து அவர் சிரிப்பும் நின்றது.

“இதோ, இப்போகூட. கேக்கல?”

“இல்ல பாய்.”

பாஷா கையை அவன் தோள்மேல் போட்டார். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனைத் தொடுகிற மாதிரி மெதுவாகத் தொட்டார். “லாரி இன்ஜினுங்க பக்கத்துலயே கெடந்தா அப்டித்தான் ஆவும், பாவம். என் தப்பு, நான் கவனிக்கல. நீ ஒண்ணும் கவலப்படாத. வண்டிங்க அஞ்சும் உன்கிட்டயே இருக்கும், சொன்ன சொல்லு சொன்னதுதான். ஆனா சாமுவேலும் கூட இருக்கட்டும். இனிமே நீ கையி, அவன் காது. இன்னா சாமுவேலு?”

“சரி மொதலாளி” என்றான் சாமுவேல், ரோட்டைப் பார்த்தபடி.

பள்ளிகொண்டாவில் டீக்கடை ஓரம் வண்டி நின்றது. ஒரே ஒரு டீ வந்தது. பாஷா பாதியைச் சாசரில் ஊற்றினார். ஊற்றிய சாசரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் நீட்டாமல் ஸ்டியரிங் பக்கம் நீட்டினார். ஜம்புலிங்கத்துக்கென்று தனியாக ஒரு முழு டீ சொன்னார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பின் ஆடிக்கொண்டே வந்தது. ஆம்பூர் வந்து சேரும்வரை அந்தச் சத்தம் காதில் விழாதவனாக ஜம்புலிங்கம் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.